பியெலோ போல்யே சோதனை: ஹோமரைத் தேடிப்போன ஓர் ஆய்வின் கதை

1935 கோடையில், இன்றைய மாண்டினீக்ரோவின் வடபகுதியில் உள்ள பியெலோ போல்யே என்ற ஊரில், மூமின் வ்லாஹோவ்லியாக் என்ற பாடகர் ஒரு வீரகதையைப் பாடினார். கையில் குஸ்லே என்ற ஒற்றைத் தந்தி வாத்தியம். பாட்டு 2,294 வரிகளுக்கு நீண்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அவ்தோ மெஜெதோவிச்சும் ஒருவர். அறுபதை ஒட்டிய வயது, கசாப்புக்கடைத் தொழில், எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கதையை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. பாட்டு முடிந்ததும், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் அவ்தோ பக்கம் திரும்பி, பாட்டு பிடித்ததா, இதை உங்களால் இப்போது பாட முடியுமா என்று கேட்டார். நல்ல பாட்டு, மூமினும் நன்றாகத்தான் பாடினார், ஆனால் நான் இதைவிட நன்றாகப் பாடுவேன் என்று நினைக்கிறேன் என்று அவ்தோ பதில் சொன்னார். சொன்னபடி பாடினார். அதே கதை, 6,313 வரிகள்.

ஒரே ஒரு தடவை கேட்ட கதை ஏறக்குறைய மூன்று மடங்காகத் திரும்பி வந்தது. ஒப்பித்தல் என்று இதைச் சொல்ல முடியாது, ஒப்பித்தால் நீளாது. புதிதாக இயற்றியது என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் கதை அதேதான், நிகழ்ச்சிகளின் வரிசையும் அதேதான். இரண்டுக்கும் நடுவே மனித மனம் செய்யும் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையை நேரில் பார்ப்பதற்காகத்தான் மில்மன் பேரி பால்கன் மலைகளுக்கு வந்திருந்தார். ஆனால் அவர் நாட்டார் பாடல் ஆய்வாளர் அல்லர். ஹார்வர்டில் பண்டைய கிரேக்கம் கற்பித்தவர். அவருடைய கேள்வி, இலியட், ஒடிசி என்ற பண்டைக் கிரேக்கக் காவியங்களைப் பாடியவராகச் சொல்லப்படும் ஹோமரைப் பற்றியது.

நூற்று நாற்பது ஆண்டு வழக்கு

இலியட் 15,000 வரிகளுக்கும் மேல், ஒடிசி 12,000 வரிகளுக்கும் மேல். கிரேக்கர்கள் பினீசியரிடமிருந்து எழுத்தை வாங்கிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டியே இவை உருவாயின என்றால், இவ்வளவு நீளமான காவியத்தை யார், எப்படி இயற்றியிருக்க முடியும்? ஜெர்மானிய அறிஞர் பிரெடரிக் ஆகஸ்ட் வோல்ஃப் 1795-இல் இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பினார். அதற்கப்புறம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இரண்டு கட்சிகளாயின. பல கைகள் எழுதிய துண்டுகளை யாரோ ஒட்டியிருக்கிறார்கள் என்று ஒரு கட்சி. முரண்பாடுகளைத் தேடி, எந்த வரி பழையது, எது இடைச்செருகல் என்று அறுத்துக்கொண்டே போனது. இவ்வளவு ஒருமையுள்ள காவியம் ஒரே மேதையிடமிருந்துதான் வந்திருக்கும் என்று மற்றக் கட்சி. இருவரும் கிரேக்கம் கரைத்துக் குடித்தவர்கள். ஆனாலும் வழக்கு நகரவில்லை. இரு தரப்பும் ஒன்றைக் கேட்காமலே ஏற்றுக்கொண்டிருந்தது அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்: கவிஞன் என்றால் உட்கார்ந்து யோசித்து, அடித்துத் திருத்தி எழுதுகிறவன்.

பேரி 1902-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர். பெர்க்லியில் படித்துவிட்டு பாரிஸ் போனார். 1928-இல் சோர்போனில் பிரெஞ்சு மொழியில் இரண்டு ஆய்வேடுகள் கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்டது ஹோமரின் அடைமொழிகளை. அகில்லஸ் என்றால் "விரைந்த காலுடைய", ஒடிசியஸ் என்றால் "பல சூழ்ச்சி அறிந்த", கப்பல் என்றால் "வேகமாகச் செல்லும்". இலியட் முதல் காண்டத்தில் ஓர் இடம்: கோபத்தில் போரை விட்டு ஒதுங்கிய அகில்லஸ், கரையில் இழுத்து வைத்த கப்பல்களுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அங்கேயும் அவன் விரைந்த காலுடையவன்தான், அந்தக் கப்பல்களும் வேகமாகச் செல்பவைதான். ஒடிசியின் தொடக்கத்தில், அண்ணன் முறையுள்ளவனின் மனைவியைச் சேர்ந்து அவனைக் கொன்றும் போட்ட ஏகிஸ்தஸுக்குக் "குற்றமற்ற" என்ற பொருள்படும் அடை வருகிறது. உரைகாரர்கள் காலங்காலமாக இதற்கெல்லாம் ஆழமான உட்பொருள் தேடினார்கள்.

பேரி பொருளைத் தேடாமல் இடத்தை அளந்தார். ஹோமரின் அடி குறில் நெடில் ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட ஆறு சீர் அடி. அதன் முடிவில் ஐந்து அசைக்கு இடம் இருந்தால் "தேவனையொத்த அகில்லஸ்" வருகிறான். ஏழு அசைக்கு இடம் இருந்தால் "விரைந்த காலுடைய அகில்லஸ்". ஒடிசியஸுக்கும் இதே கணக்கு: ஐந்துக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று. முக்கியப் பாத்திரங்கள், தெய்வங்கள் எல்லாருக்கும் இப்படியொரு வரிசை இருக்கிறது. அதைவிட முக்கியம், ஓர் அளவுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு தொடர்தான். வீணாக இரண்டாவது கிடையாது. இவ்வளவு விரிந்த, இவ்வளவு சிக்கனமான அமைப்பை ஒரு தனிமனிதர் தன் ஆயுளில் செய்துவிட முடியாது, இது தலைமுறை தலைமுறையாகப் பாடகர்கள் செதுக்கியது என்றார் பேரி. இந்தத் தொடர்களுக்கு வாய்பாடு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

மொழியின் சாட்சியும் அதே பக்கம்தான் இருந்தது. ஹோமரின் கிரேக்கத்தை எந்த ஊரிலும் யாரும் பேசியதில்லை. அயோனிய வட்டார வழக்கு அடித்தளம், நடுவே ஏயோலியம் என்ற இன்னொரு வட்டார வழக்கின் வடிவங்கள், அவற்றைவிடப் பழையவை சில. "இருத்தல்" என்ற ஒரே வினைக்கு நான்கைந்து வடிவங்கள் அக்கம்பக்கமாகப் புழங்குகின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு. புலவர்கள் பழையதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது அது அடியில் பொருந்தியதால். வகர ஒலி அயோனிய வழக்கில் மறைந்து வெகுகாலம் ஆன பின்னும், அந்த ஒலி இன்னும் இருப்பதுபோலவே ஹோமரின் பல அடிகளில் யாப்பு நடந்துகொள்கிறது. மைக்கேல் வென்ட்ரிஸ் 1952-இல் லீனியர் பி என்ற மிகப் பழைய கிரேக்க எழுத்தைப் படித்துக் காட்டியபோது, அரசனைக் குறிக்கும் சொல் களிமண் பலகைகளில் வகரத்தோடு எழுதியிருந்தது. அந்தப் பலகைகளின் காலத்து மைசீனிய அரண்மனைகள் எரிந்தது கி.மு. 1200-ஐ ஒட்டி. யாப்பு அந்த ஒலியின் இடத்தை நானூறு ஐந்நூறு ஆண்டுகள் காத்து வைத்திருக்கிறது.

பாரிஸிலிருந்து பால்கனுக்கு

1928-இல் பேரி "மரபு வழி" என்ற இடத்தில் நின்றிருந்தார், "வாய்மொழி" என்று சொல்லத் துணியவில்லை. அவரை நகர்த்தியவர்கள் கிரேக்க அறிஞர்கள் அல்லர். ஒருவர் அவருடைய ஆசிரியர், மொழியியலாளர் அந்துவான் மெய்யே. இன்னொருவர், மெய்யே ஏற்பாட்டில் ஆய்வேட்டு விவாதத்துக்கு வந்திருந்த ஸ்லோவேனிய அறிஞர் மத்தியா முர்கோ. யூகோஸ்லாவியாவில் காப்பிக் கடைகளில் நீண்ட வீரகதைகளை இன்றும் பாடுகிறார்கள், நான் நேரில் பார்த்து எழுதியிருக்கிறேன் என்றவர் அவர்.

1933-இல் பேரி முதல் தடவை போய்ப் பார்த்தார். 1934 ஜூனிலிருந்து 1935 செப்டம்பர் வரை முழுமூச்சாகத் தங்கினார். கூட வந்தவர் ஹார்வர்டில் அப்போதுதான் பட்டம் பெற்ற ஆல்பர்ட் லார்ட். ஆனால் இந்த வேலையின் உயிர்நாடி என்று நான் சொல்வது நிகோலா வுயினோவிச்சைத்தான். ஹெர்சகோவினாவின் ஸ்தோலாட்ஸ் ஊர்க்காரர், தானே பாடத் தெரிந்தவர். பாடகர்களிடம் பேச்சுக் கொடுத்தது அவர், சொல்லச் சொல்ல எழுதியது அவர், பின்னாளில் ஹார்வர்டுக்கே வந்து ஒலித்தட்டுகளைக் கேட்டு எழுத்தாக்கியதும் அவர். ஒரு பேராசிரியரிடம் சொல்லத் தயங்கும் விஷயங்களை இன்னொரு பாடகரிடம் மனிதர்கள் சொல்வார்கள். அந்த உரையாடல்களும் பதிவாகியிருப்பதால்தான் இன்றைக்கு நம்மால் அவற்றை மறு விசாரணை செய்ய முடிகிறது.

கருவியும் இதற்கென்றே செய்தது. அன்றைய ஒலித்தட்டு சில நிமிடங்களில் நிறைந்துவிடும், பாட்டோ மணிக்கணக்கில் போகும். தட்டு மாற்றப் பாடகரை நிறுத்தினால் பார்க்க வந்ததே கெட்டுப்போகும். கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரியில் இருந்த ஒரு நிறுவனம் இரண்டு சுழல்தட்டுகளைப் பொருத்தி, ஒன்று முடியும்போது மற்றதற்கு மாறும்படி ஓர் இயந்திரம் செய்து கொடுத்தது. அதனால் இடைவெளியில்லாமல் அலுமினியத் தட்டுகளில் பதிய முடிந்தது. 3,500-க்கும் அதிகமான தட்டுகள் சேர்ந்தன.

பேரியை வெறும் சேகரிப்பாளர்களிடமிருந்து பிரிப்பது இங்கேதான். அவர் நூதனமான கதைகளைத் தேடவில்லை, ஒப்பிடத் தக்க இணைகளைத் தேடினார். ஒரே பாடகர் ஒரே பாட்டைச் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை. ஒரே பாட்டு, குருவும் சீடரும் பாடினால். பாடும்போது எப்படி, நிறுத்தி நிறுத்திச் சொல்லி எழுதவைக்கும்போது எப்படி. புதிதாகக் கேட்ட பாட்டை உடனே பாடச் சொன்னால் என்ன நடக்கிறது என்பது கடைசி வகை, மூமின்–அவ்தோ சோதனை அதில் சேர்ந்தது. இலக்கியத் துறையைச் சேர்ந்த ஒருவர் 1930-களில் இப்படி மாறிகளைப் பிரித்து வைத்துச் சோதனை செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அவ்தோ

அவ்தோவின் குரல் கரகரப்பானது, கழுத்தில் கழலை. வாசிப்பும் சுமார்தான். சொற்கள் முந்திக்கொண்டு வரும்போது விரல்கள் பின்தங்கிவிடும், வில்லைச் சும்மா முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே பாடுவாராம். அந்தப் பகுதியில் பாட்டின் அடி பத்து அசை, நான்காம் அசைக்குப் பின் ஒரு வெட்டு. பாடகர்கள் நிமிடத்துக்குப் பத்து முதல் இருபது அடி வரை பாடினார்கள் என்று லார்ட் பதிவு செய்கிறார். அதாவது மூன்று முதல் ஆறு நொடிக்குள் ஓர் அடி முடிந்து அடுத்தது தயாராக வேண்டும். வாய்பாடு எதற்கு என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைத்துவிடுகிறது. அலங்காரத்துக்காக வந்ததல்ல அது. அந்த வேகத்தில் அடி உடையாமல் கதையைக் கொண்டுபோக வேறு வழி இல்லை.

1935 ஜூலை 5 முதல் 12 வரை அவ்தோ சொல்லச் சொல்ல நிகோலா எழுதியது 12,311 வரிகள் கொண்ட "ஸ்மயிலாகிச் மேஹோவின் திருமணம்". ஒடிசியின் நீளம். இதில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம் உண்டு. இந்தக் கதை அவ்தோவுக்கு வந்தது அச்சிட்ட பாட்டுப் புத்தகத்திலிருந்து. படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் சில தடவை வாசித்துக் காட்டியிருக்கிறார். அச்சில் இருந்தது இரண்டாயிரம் சொச்சம் வரிகள். அது அவர் வாயில் ஆறு மடங்காயிற்று. குதிரைக்குச் சேணம் பூட்டுவதை, இளைஞன் உடுத்திக்கொள்வதை, தகப்பன் மகனை வழியனுப்பும்போது படும் தவிப்பை அவர் விரிக்கிறார். கதை அதே கதைதான். ஆகவே எழுத்தே தீண்டாத தூய வாய்மொழி என்று ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு அவ்தோவை அங்கே உட்காரவைப்பது தவறு. எழுத்து அவரைச் சுற்றிலும் இருந்தது. எழுத்திலிருந்து வந்ததையும் அவர் வாய்மொழி முறையில் செரித்துக்கொண்டார் என்பதுதான் செய்தி.

பாடகர்கள் தங்களைப் பற்றிச் சொன்னது இன்னொரு செய்தி. நோவி பசாரில் தெமாய்ல் சோகிச் என்ற பாடகர், இன்னொருவரிடம் கேட்ட பாட்டை ஒரு வரி கூட்டாமல், ஒரு பிழை செய்யாமல் அப்படியே பாடினேன் என்று நிகோலாவிடம் உறுதியாகச் சொல்கிறார். ஒலித்தட்டுகளை ஒப்பிட்டால் வரிகள் ஒத்துப்போகவில்லை. பதினேழு ஆண்டு கழித்து, 1951-இல் லார்ட் மறுபடி போய் அதே பாட்டை அவரிடம் பதிவு செய்தார். கதை அச்சு அசலாக நின்றது, வரிகள் மறுபடியும் வேறு. சோகிச் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பாட்டு என்பது நடந்த கதையும் அதன் ஒழுங்கும். அதில் அவர் கை வைக்கவில்லை.

அமெரிக்கா திரும்பிய சில மாதங்களில், 1935 டிசம்பரில், லாஸ் ஏஞ்சலஸ் விடுதி அறையில் துப்பாக்கி வெடித்து பேரி இறந்தார். 33 வயது. கண் தெரியாத ஹூசோ என்ற, அதற்குள் இறந்துபோயிருந்த புகழ்பெற்ற பாடகரின் பெயரைத் தலைப்பாக வைத்து அவர் எழுத நினைத்த புத்தகம் குறிப்புகளாகவே நின்றது. லார்ட் 25 ஆண்டு உழைத்து 1960-இல் முழு வாதத்தையும் நூலாக்கினார்.

மனம் எப்படிச் செய்கிறது

பேரி மொழியிலிருந்து புறப்பட்டுக் களத்துக்குப் போனார். உளவியல் இந்த வழக்குக்குள் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் அது இல்லாமல் வழக்கு பாதியில் நின்றிருக்கும்.

1932-இல் வெளியிட்ட சோதனைகளில் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கில மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு திரும்பச் சொல்லச் சொன்னார். புரியாத பகுதிகள் உதிர்ந்தன. பழக்கமில்லாத ஓடம் சாதாரணப் படகானது, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது. நினைவு என்பது இருந்ததை எடுத்துக் கொடுப்பதல்ல, ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்டுவது என்று அவர் முடிவு செய்தார். சரி, அப்படியானால் ஒரு முரண் எழுகிறது. இலியடின் பத்தாம் காண்டத்தில் ஒடிசியஸ் அணியும் தலைக்கவசம் காட்டுப்பன்றித் தந்தங்களை வரிசையாக வைத்துத் தைத்தது. அப்படிப்பட்ட கவசங்கள் மைசீனியக் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன, ஹோமர் காலத்தில் வழக்கில் இல்லை. மாணவர்களின் நினைவில் ஓடம் சில நாள்கூடத் தாங்காதபோது, பன்றித் தந்தக் கவசம் எப்படி நூற்றாண்டுகளைத் தாண்டியது?

டியூக் பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் ரூபின் 1990-களில் கொடுத்த விடை எனக்கு மிகவும் திருப்தியானது. ஒரு சொல்லை நினைவுக்குக் கொண்டுவரப் பல தளைகள், அதாவது கட்டுப்பாடுகள், ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன: பொருள், ஓசை, தாளம், மனக்காட்சி. புராணத்தில் வரும் ஒரு பிறவியைச் சொல் என்றால் ஆளுக்கொன்று சொல்வார்கள். "போஸ்ட்" என்பதோடு ஓசை ஒத்த ஆங்கிலச் சொல் ஒன்று சொல் என்றாலும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கிட்டத்தட்ட எல்லாரும் "கோஸ்ட்" என்கிறார்கள். ஒவ்வொரு தளையும் தனியாகப் பலவீனமானது, சேர்ந்தால் ஒரே ஒரு விடைக்குத்தான் இடம் விடும். பார்ட்லெட்டின் கதை உரைநடை, அங்கே பொருள் மட்டும்தான் தளை. ஹோமரின் அடியில் யாப்பும் ஓசையும் பொருளும் காட்சியும் சேர்ந்து ஒரு சொல்லை இறுக்குகின்றன. எங்கே தளை கெட்டியாக இருக்கிறதோ அங்கே பழைமை தங்குகிறது, தளர்ந்த இடத்தில் பாடகரின் காலம் நுழைகிறது. ஒரே காவியத்தில் மைசீனியக் கவசமும், மைசீனியர் வழக்கத்துக்கு ஒவ்வாத பிணம் எரித்தலும் அக்கம்பக்கமாக இருப்பதை எனக்குப் புரியவைத்தது இந்த விளக்கம்தான். அகழாய்வு கவசத்தைக் கொடுத்தது, மொழியியல் வகரத்தைக் கொடுத்தது, இரண்டும் ஏன் தப்பின என்பதை உளவியல் சொன்னது.

வேகத்தின் பக்கத்தை விளக்கியவர் நியூசிலாந்து மொழியியலாளர் கூன்ராட் கைப்பர். கால்நடை ஏலம் விடுபவர்களையும் பந்தய வர்ணனையாளர்களையும் பதிவு செய்து, வேகம் கூடக் கூட அவர்கள் பேச்சில் ஆயத்தத் தொடர்கள் பெருகுவதைக் காட்டினார். நம் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் கூறுகிறவரைக் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். மூளைக்கு ஒரே நேரத்தில் யோசிக்கும் இடம் குறைவு. தொடர்கள் தாமாக வந்து விழுந்தால், அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று பார்க்க மனத்துக்கு அவகாசம் கிடைக்கும். மூளையின் இடப்பக்கம் சேதமாகிப் பேச்சிழந்தவர்கள்கூடச் சில சமயம் எண்ணுவதையும் பிரார்த்தனையையும் வசவையும் சரளமாகச் சொல்வதை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில நரம்பியல் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் கவனித்தார். ஆயத்தத் தொடரும் புதிதாகக் கட்டும் வாக்கியமும் மூளைக்கு ஒரே மாதிரி வேலை அல்ல என்பதற்கு அது முதல் தடயம்.

கதை அளவிலும் இதே கதைதான். நெடுநாள் பிரிந்தவன் மாறுவேடத்தில் திரும்புவது, மனைவிக்கு மறுமணம் நெருங்கியிருப்பது, அடையாளம் வெளிப்படுவது, பழிவாங்குவது – இந்தத் திரும்பிவருதல் பாட்டுகள் தென் ஸ்லாவியப் பாடகர்களிடம் ஏராளம். ஒடிசியின் எலும்புக்கூடும் இதுதான். ஒரு கூறு வந்துவிட்டால், கதைத் தர்க்கம் கேட்காவிட்டாலும் கூட்டாளிக் கூறுகள் இழுத்துக்கொண்டு வருவதை லார்ட் கவனித்தார். இந்த ஒட்டுதலுக்குப் பழைய சடங்குப் பொருள் காரணம் என்று அவர் கருதினார். நினைவின் வார்ப்பு காரணம் என்று உளவியலாளர் சொல்வார். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், ஆனால் முதலாவதைத் தள்ளிவிட ஆதாரம் இல்லை.

எங்கே கவனம் வேண்டும்

ஹோமரின் மொழியைக் கொண்டு பண்டை மனிதனின் மனத்தையே அளக்கக் கிளம்பியவர்கள் உண்டு. ஜெர்மானிய அறிஞர் புரூனோ ஸ்னெல், ஹோமரின் மனிதனுக்கு ஒன்றுபட்ட தன்னுணர்வு பற்றிய கருத்தே இல்லை என்றார். அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஜெய்ன்ஸ் 1976-இல் இன்னும் தாண்டிப் போய், அந்த மனிதர்களுக்கு நம்மைப் போன்ற உணர்வுநிலையே கிடையாது, மூளையின் ஒரு பாதி மறுபாதிக்குக் கேட்கும் குரலாகப் பேசியதைத்தான் தெய்வம் என்றார்கள் என்று வாதிட்டார். படிக்க விறுவிறுப்பான வாதம். ஆனால் பேரியின் ஆய்வுக்குப் பிறகு அது நிற்பது கடினம். காவிய மொழி எந்தத் தலைமுறையும் பேசிய மொழி அல்ல. அதில் ஒரு கருத்து இல்லாதது அந்த மனிதர்களுக்கு அது இல்லை என்பதற்குச் சாட்சியாகாது, வாய்பாட்டில் அதற்கு இடம் அமையவில்லை என்பதுதான் காரணமாக இருக்கலாம். அவ்தோ பாடியது சுல்தான் சுலைமான் காலத்து வீரர்களை. அந்தப் பாட்டை மட்டும் வைத்து 1935-இல் இறைச்சி வெட்டி விற்ற ஒருவரின் மனத்தை வரைந்தால் என்ன கிடைக்கும்?

பேரியின் பள்ளியும் மிகையாகப் போனதுண்டு. வாய்பாடு நிறைந்திருந்தால் வாய்மொழிதான் என்று ஒரு சோதனை முறையே உருவாயிற்று. 1966-இல் லாரி பென்சன், லத்தீன் ஏட்டைப் பார்த்து மொழிபெயர்த்த பழைய ஆங்கிலக் கவிதைகளிலும் வாய்பாடு அதே அளவு அடர்த்தியாக இருப்பதைக் காட்டினார். எழுதுகிற புலவரும் மரபுத் தொடரில் எழுதலாம். ரூத் ஃபின்னகன் 1977-இல் சோமாலியப் புலவர்களை முன்னே நிறுத்தினார். அவர்கள் முன்கூட்டியே நேரம் எடுத்து மனத்தில் இயற்றி, சொல் மாறாமல் பாடம் செய்கிறவர்கள். வேதம் ஓதுகிறவர்களின் பதம், கிரமம், கனம் என்ற முறைகள் இன்னொரு எல்லை. சொற்களை முன்னும் பின்னும் மாற்றிக் கோத்து ஓதி, ஓர் எழுத்தும் நழுவாமல் பூட்டுகிறார்கள். ஆக வாய்மொழி ஒன்றல்ல, பல. மனம் எந்த முறையைக் கையாளும் என்பது அந்தச் சமூகம் எதை மாறக்கூடாததாக வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கைலாசபதி எடுத்துவந்தது

இந்த ஆய்வு தமிழுக்கு வந்த வழி நேரடியானது. இலங்கையைச் சேர்ந்த க. கைலாசபதி, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். சங்கப் பாடல்களை வீரயுக வாய்மொழிக் கவிதையாகப் படிக்கும் அவருடைய நூல் 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தது. பாணரை, பொருநரை, விறலியரைக் கிரேக்க, ஐரிஷ், வேல்ஷ் பாடகர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தண்ணந் துறைவன்", "ஓங்குமலை நாடன்", "மலர்தலை உலகம்" போன்ற தொடர்கள் பாட்டுக்குப் பாட்டு திரும்ப வருவதையும், திணை துறை மரபையும் வாய்பாட்டுக் கண்ணால் அளந்தார்.

அவர் திறந்த கதவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சங்கப் பாட்டைத் தனித்த அதிசயமாக வைத்துப் போற்றுவதை விட்டு, உலகின் மற்ற மரபுகளோடு பேசவைத்தது பெரிய காரியம். ஆனால் அவ்தோவின் சிக்கல் குறுந்தொகைப் புலவருக்கு இல்லை. நான்கு முதல் எட்டு அடிக்குள் முடியும் பாட்டில், நொடிக்கு நொடி அடுத்த அடிக்கு ஓட வேண்டிய நெருக்கடி கிடையாது. அகநானூற்றின் நீண்ட பாட்டும் 31 அடி. இங்கே திரும்ப வரும் தொடர் வேகத்துக்காக வந்ததாக இருக்க முடியாது. கேட்பவர் மனத்தில் ஒரு நிலத்தையும் பொழுதையும் உறவுநிலையையும் ஒரே தொடரில் எழுப்புவதற்காக வந்திருக்கலாம். பாணர் மரபில் பிறந்து புலவர் கையில் செம்மையான மொழி என்று கொண்டால் இரண்டு தரப்புச் சான்றுகளும் பொருந்துகின்றன. இதைச் சோதிக்க சோமாலியப் புலவர்கள் அவ்தோவைவிட நமக்கு நெருங்கிய ஒப்பீடு என்பது என் கருத்து.

இன்னும் கேட்காத தட்டுகள்

பேரியின் தொகுப்பு ஹார்வர்டின் வைடனர் நூலகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 12,500 பாட்டுகள். வீரகதைகள் எண்ணிக்கையில் சிறுபான்மை, பெரும்பகுதி பெண்கள் பாடிய சிறு பாட்டுகள். 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அகதியாக இருந்த ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக், அவற்றில் சிலவற்றைக் கேட்டு நுணுக்கமாக இசைக்குறியீட்டில் எழுதினார். அதைத் தவிர, வாய்மொழிக் கோட்பாட்டின் பெரும்பகுதி ஆண் பாடகர்களின் நீண்ட கதைகளை வைத்தே எழுந்தது.

ரூபின் சொல்வது சரியென்றால், மெட்டும் ஓசையும் இறுக்கிப் பிடிக்கும் சிறு பாட்டுகளில் சொற்கள் மிகக் குறைவாகத்தான் மாற வேண்டும், அதே ஊரில் பாடிய வீரகதைகளைவிடப் பழைய சொல்வடிவங்களும் கூடுதலாகத் தங்கியிருக்க வேண்டும். சிறு பாட்டுகளுக்குக் கொஞ்சம் நிலையான கரு இருப்பதாக லார்டும் உணர்ந்திருந்தார். ஒரே பாட்டை வெவ்வேறு பெண்கள் பாடிய வடிவங்களை அடுக்கி, வரிக்கு வரி ஒப்பிட்டு, எந்த இடத்தில் மெட்டு இறுகுகிறது, எந்த இடத்தில் சொல் நகர்கிறது என்று அளந்தால் இதை மெய்ப்பிக்கலாம் அல்லது பொய்ப்பிக்கலாம். செர்போ-குரோவேசிய வட்டார வழக்குகளை அறிந்த மொழியியலாளர் ஒருவரும், மெட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரும், நினைவைச் சோதிக்கத் தெரிந்த ஒருவரும் ஒன்றாக உட்கார வேண்டிய வேலை அது.